சக்கொக்கு: பூட்டிய நாடா, பாதி இறக்கிய ஷட்டரா?

“ஜப்பான் மட்டும் அன்றைக்குக் கதவைச் சாத்தாமல் இருந்திருந்தால்?” மாற்று வரலாற்றில் ஆசை உள்ள நாலு பேர் சேர்ந்தால் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். மணிலா ஸ்பெயின்காரர்கள் கையை விட்டுப் போயிருக்கும், தைவானில் டச்சுக்காரர்கள் கால் ஊன்றியிருக்க மாட்டார்கள், ஆஸ்திரேலியாவின் வடகரை வரை சாமுராய்கள் போய் இறங்கியிருப்பார்கள் என்று கதை நீளும். நம்மூரில் “அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா” என்று ஒரே வரியில் வாயை அடைத்துவிடுவார்கள். ஜப்பானியர்களிடமும் “வரலாற்றில் ‘இஃப்’ கிடையாது” என்று ஒரு பேச்சு உண்டு. சொல்லிவிட்டு, நடக்காத போர்களை எழுதுவதற்கென்றே ஒரு நாவல் வகையையும் வளர்த்து வைத்திருக்கிறார்கள்.

எனக்கு அந்தக் கதைகளைவிட, அவற்றின் அடியில் கிடக்கும் ஒரு சொல்லின் மேல்தான் கண். கதவு சாத்தப்பட்டது என்ற எண்ணமே அந்தச் சொல் கொடுத்ததுதான். சொல், சக்கொக்கு.

முதலில் எழுத்துக்கூட்டல். ‘சகோகு’ என்று எழுதுபவர்களும் உண்டு. அப்படி எழுதினால் நடுவில் வரும் ககரம் தமிழ் நாக்கில் மெலிந்துபோகும். ஜப்பானிய உச்சரிப்பில் இரண்டு ககரமும் வல்லோசை, மூன்று உயிரும் குறில். வல்லோசை வேண்டுமென்றால் தமிழில் இரட்டிப்பதுதான் வழி, ஆகவே சக்கொக்கு. பறவை நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை.

பொருள் எளிது. ‘ச’ என்ற எழுத்துக்குச் சங்கிலி, பூட்டு என்று பொருள். ‘கொக்கு’ என்றால் நாடு. சேர்த்தால் பூட்டிய நாடு. ஜப்பானியர் வெளிநாடு போகக் கூடாது, போர்த்துக்கீசியர் உள்ளே வரக் கூடாது என்று 1630-களில் டோக்குகாவா ஷோகன் ஆட்சி (ஷோகன் என்றால் பேரரசர் பெயரால் நாட்டை ஆண்ட படைத்தலைவர்) அடுத்தடுத்துப் போட்ட ஆணைகளைத்தான் இந்தச் சொல்லால் குறிக்கிறோம். ஆனால் அந்த ஆணைகளில் போய்த் தேடினால் சொல் கிடைக்காது. அது பிறந்தது 1801-இல், ஒரு மொழிபெயர்ப்பாளரின் மேசையில்.

எங்கெல்பெர்ட் கெம்ப்ஃபர் ஒரு ஜெர்மன் மருத்துவர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வேலையாக 1690 முதல் 1692 வரை நாகசாக்கியில் இருந்தவர். ஊர் திரும்பிய பிறகு, நாட்டை இப்படி மூடி வைத்திருப்பது ஜப்பானுக்கு நல்லதா என்று ஒரு கட்டுரை எழுதினார். நல்லதுதான் என்பது அவர் முடிவு. அந்தக் கட்டுரையின் டச்சு வடிவம் நாகசாக்கியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஷிசுக்கி தடாவோவின் கைக்கு வந்தது. கெம்ப்ஃபர் வைத்த தலைப்பு மூச்சு வாங்கும் அளவுக்கு நீளம். ஷிசுக்கி அதை மூன்றே எழுத்தில் ‘சக்கொக்குரோன்’ என்று சுருக்கினார். பூட்டிய நாடு பற்றிய வாதம் என்று பொருள். கலைச்சொல் ஆக்கிப் பழகிய கை அது. நியூட்டனின் இயற்பியலை டச்சு வழியாகப் படித்து, ஈர்ப்புவிசைக்கு அவர் ஆக்கிய சொல் இன்றும் ஜப்பானியப் பள்ளிப் புத்தகத்தில் இருக்கிறது.

வெளியிலிருந்து வந்த ஒருவர் பார்த்துச் சொன்னதை உள்ளூர்க்காரர் மொழிபெயர்த்தார், பிறகு ஊரே அதைத் தன் பெயராக எடுத்துக்கொண்டது. அதுவும் உடனே இல்லை. 1853-இல் அமெரிக்கக் கடற்படையின் பெர்ரி தன் கப்பல்களோடு வந்து நின்ற பிறகு, ‘கைக்கொக்கு’, அதாவது நாட்டைத் திறப்பது, என்ற பேச்சு கிளம்பியது. அதற்கு எதிர்ச்சொல்லாகத்தான் சக்கொக்கு நாடு முழுக்கப் பரவியது. சாவி வந்த பிறகுதான் பூட்டுக்குப் பெயர் நிலைத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, பூட்டுவதற்கு முன்னால் என்ன இருந்தது? 1604 முதல் 1635 வரை ‘சுயின்சென்’ என்ற கப்பல்கள் ஓடின. நேர்த் தமிழில் செம்முத்திரைக் கப்பல். ஷோகனின் சிவப்பு முத்திரை குத்திய அனுமதிச் சீட்டோடு 350-க்கும் மேற்பட்ட பயணங்கள்: வியட்நாமின் ஹோய் ஆன், சயாமின் அயுத்தயா, கம்போடியா, மணிலா இருக்கும் லூசோன் தீவு, தைவான். வெள்ளி போகும், பட்டும் மான் தோலும் வரும். மணிலாவின் டிலாவோவில் ஜப்பானியர் குடியிருப்பு இருந்தது. அயுத்தயாவில் யமாடா நாகமாசா சயாம் அரசரிடம் படைத்தலைவராக உயர்ந்து, தெற்கே ஒரு மாகாணத்தையே ஆளப் போய், 1630-இல் நஞ்சுக்கு இரையானார். செண்டாயில் கட்டிய ஒரு கப்பல் 1613-இல் கிளம்பிப் பசிபிக்கைக் கடந்து மெக்சிகோவின் அக்கபுல்கோவுக்கே போனது. அதில் போன ஹசெக்குரா ட்சுனெனாகா ரோமில் போப்பையும் பார்த்துவிட்டு 1620-இல் ஊர் திரும்பினார்.

அந்தச் சிவப்பு முத்திரையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். நம் பக்கத்துக் கடலில் போர்த்துக்கீசியர் ‘கார்ட்டாஸ்’ என்று ஒரு சீட்டு விற்றார்கள். அது இல்லாமல் போகும் கப்பலைப் பிடித்தார்கள். இந்தியப் பெருங்கடலில் வெள்ளைக்காரன் கொடுத்த சீட்டை ஆசியர் வாங்கினார்கள் என்றால், தென்சீனக் கடலில் நிலைமை தலைகீழ். சீட்டுக் கொடுத்தது ஷோகன். மதிக்க வேண்டியிருந்தது ஐரோப்பியர். காரணம், அந்தக் கப்பலோடு காவலுக்குப் போர்க்கப்பல் போனது என்பதால் இல்லை. அப்படி ஒரு கப்பற்படையே ஷோகனிடம் கிடையாது. ஜப்பானிய வெள்ளி வேண்டுமென்றால் நாகசாக்கிக்கோ ஹிராடோவுக்கோ வந்துதான் ஆக வேண்டும். வந்தால் பழைய கணக்கு தீர்க்கப்படும். அவ்வளவுதான்.

இதற்கு 1628-ஐ விட நல்ல சாட்சி கிடையாது. தைவானில் டச்சு ஆளுநர் பீட்டர் நொய்ட்ஸ். முந்தைய வருஷம் ஷோகனின் தலைநகரான எடோ (இன்றைய டோக்கியோ) வரை தூது போய், ஷோகனைப் பார்க்க விடாமல் திருப்பி அனுப்பப்பட்ட கடுப்பில் இருந்தவர். நாகசாக்கி வணிகப் பெரும்புள்ளி ஒருவரின் கப்பல்களோடு, அவற்றின் தலைவர் ஹமாடா யஹெய் வந்து இறங்கினார். நொய்ட்ஸ் ஆயுதங்களைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, ஊருக்குப் போகவும் விடாமல் இழுத்தடித்தார். ஒரு நாள் ஹமாடா ஆட்களோடு ஆளுநர் வீட்டுக்கே போனார். விடைபெற வந்ததுபோல்தான் பேச்சு. நொய்ட்ஸ் மறுபடியும் மறுத்ததும், பாய்ந்து பிடித்துக் கட்டிவிட்டார்கள். வெளியே கோட்டை, பீரங்கி, சிப்பாய்கள் எல்லாம் இருந்தும் உள்ளே ஆளுநர் பிணைக்கைதி. பேரம் படிந்து, இரண்டு பக்கமும் பிணையாட்களை மாற்றிக்கொண்டு, ஹமாடா கப்பலேறினார். நொய்ட்ஸின் மகனும் அதில் போனான். ஜப்பானியச் சிறையிலேயே இறந்தான்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். ஜப்பான் படை எதையும் அனுப்பவில்லை. டச்சுக்காரர்களின் வியாபாரத்தை நிறுத்தியது. நாலு வருஷம் தாக்குப்பிடித்த கம்பெனி, 1632-இல் தன் ஆளுநரையே கொண்டுவந்து ஷோகன் ஆட்சியிடம் ஒப்படைத்தது. கிழக்கில் ஒரு ஐரோப்பிய வல்லரசு தன் ஆளுநரை ஒரு ஆசிய அரசிடம் இப்படிக் கைமாற்றிக் கொடுத்த இன்னொரு கதை எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. 1636-இல் ஒரு பெரிய பித்தளைச் சரவிளக்கைக் காணிக்கை வைத்த பிறகுதான் நொய்ட்ஸ் விடுதலையானார். விளக்கு நிக்கோவில் இருக்கும், முதல் டோக்குகாவா ஷோகனான இயெயாசுவின் நினைவாலயத்துக்குப் போனது.

மாற்று வரலாற்றுக்காரர்கள் விரும்பும் மணிலாப் படையெடுப்பும் வெறும் கற்பனை இல்லை. 1590-களிலேயே, டோக்குகாவாக்களுக்கு முன் ஜப்பானை ஆண்ட ஹிடெயோஷி மணிலாவுக்கு ‘பணிந்துவிடு’ என்று கடிதம் அனுப்பினார். 1630-இல் ஷிமாபாரா பிரபு மட்சுக்குரா ஷிகெமாசா லூசோனைப் பிடிக்கிறேன் என்று கேட்டு, வேவு பார்க்க ஆட்களையும் அனுப்பினார். அதே வருஷம் இறந்துபோனார். 1637-இல் திட்டம் மறுபடியும் எழுந்தது. இந்த முறை ஆட்களை ஏற்றிப்போகக் கப்பல் தரும்படி டச்சுக்காரர்களையே கேட்டார்கள். அந்தக் குளிர்காலத்தில், அதே ஷிமாபாராவில், வரிக் கொடுமையும் கிறிஸ்தவ ஒடுக்குமுறையும் தாங்காமல் குடியானவர்கள் கிளர்ந்தார்கள். ஹாரா கோட்டைக்குள் புகுந்தவர்கள் சுமார் 37,000 பேர் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. கடலிலிருந்து கோட்டையைச் சுட்டது ஒரு டச்சுக் கப்பல். கிளர்ச்சி அடங்கிய பிறகு, ஷிகெமாசாவின் மகனும் ஷிமாபாராவின் பிரபுவுமான கட்சுயியெயின் தலை வெட்டப்பட்டது. மணிலாவைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் மூச்சு விடவில்லை.

‘இருந்திருந்தால்’ கதைகளில் எனக்கு இடறுவது இங்கேதான். ஆள் பலம், துப்பாக்கி, வெள்ளி எல்லாம் ஜப்பானிடம் இருந்தன. நடுக்கடலில் ஐரோப்பியரோடு மோதும் கப்பற்படை இல்லை. 1592 முதல் 1598 வரை நடந்த கொரியப் போரில் கொரியக் கடற்படைத் தளபதி யி சுன்-சின் ஜப்பானின் கடல்வழியை அறுத்தபோதே அது தெரிந்துவிட்டது. 1609-இல் மேற்குப் பகுதிப் பிரபுக்களிடமிருந்து பெரிய கப்பல்களைப் பறித்ததும் ஷோகன் ஆட்சிதான்; கடலுக்கு அப்பால் எதிரி வருகிறானோ இல்லையோ, உள்ளூரில் ஒருவன் கப்பலோடு கிளம்பிவிடக் கூடாது என்ற பயம்.

இன்னொன்றும் உண்டு. 1628-லேயே அயுத்தயாவில் ஸ்பானியர்கள் ஒரு செம்முத்திரைக் கப்பலைத் தாக்கி அழித்தார்கள். ஷோகனின் முத்திரைக்கு எட்டாத ஊரில் அவமானம்! முத்திரையை எவ்வளவு தூரம் அனுப்புகிறோமோ அவ்வளவு தூரம் மானத்தையும் அனுப்புகிறோம் என்று எடோவுக்குப் புரிந்திருக்க வேண்டும். 1631 முதல், முத்திரையோடு மூத்த அமைச்சர்களின் கடிதமும் வேண்டும் என்று இறுக்கினார்கள். 1635-இல் பயணத்தையே நிறுத்தினார்கள். போனவன் திரும்பி வந்தால் மரண தண்டனை. 1639-இல் போர்த்துக்கீசியர் வெளியேற்றம். மறு வருஷம் போர்த்துக்கீசியர் கையிலிருந்த சீனக் கரையின் மக்காவ் துறைமுகத்திலிருந்து கெஞ்ச வந்த தூதுக்குழுவில் 61 பேரின் தலை போனது. 13 பேரைச் செய்தி சொல்ல விட்டார்கள். 1641-இல் டச்சுக்காரர்கள் நாகசாக்கித் துறைமுகத்தில் டெஜிமா என்ற விசிறி வடிவச் செயற்கைத் தீவுக்குள் அடைக்கப்பட்டார்கள். நீளம் சுமார் 120 மீட்டர், அகலம் சுமார் 75. நம்மூர் நடுத்தரமான கல்யாண மண்டபம் ஒன்றை, வாகன நிறுத்தத்தோடு சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் பூட்டு என்பதா? நாகசாக்கியில் டச்சுக்காரர்களோடு சீனர்களும் வந்தார்கள், இன்னும் அதிகமாகவே. ட்சுஷிமா வழியாகக் கொரியா, சட்சுமா வழியாக ரியூக்கியூ தீவுகள் (இன்றைய ஒக்கினாவா), மட்சுமாயே வழியாக வடக்கே அய்னு மக்கள். இவற்றை ‘நான்கு வாய்கள்’ என்கிறார்கள் இன்றைய ஜப்பானிய வரலாற்றாசிரியர்கள். டச்சுக் கப்பலில் சோழமண்டலக் கரையின் கோடு போட்ட பருத்தித் துணியும் போனது. அதற்கு அங்கே ‘சந்தொமெ’ என்று பெயர். மயிலாப்பூர்ச் சாந்தோமை போர்த்துக்கீசியர் சொன்ன பெயர்தான் அது. உள்ளூரிலேயே அதுபோல நெய்யத் தொடங்கிய பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. பூட்டிய நாட்டில் ஒருவர் நம் கடற்கரைப் பேட்டையின் பெயரை உடம்பில் சுற்றிக்கொண்டு நடந்திருக்கிறார் என்பது எனக்குச் சிரிப்பையும் கொஞ்சம் பெருமையையும் தருகிறது.

ஆகவேதான் பல ஆய்வாளர்கள் ‘கைக்கின்’ என்ற சொல்லை முன்வைக்கிறார்கள். மிங் சீனம் தன் குடிமக்களைக் கடலுக்குப் போகவிடாமல் வைத்த விதிக்கு வழங்கிய அதே சொல். கடல், தடை என்று இரண்டே எழுத்து. 2017-இல் ஜப்பானியக் கல்வி அமைச்சகம் பாடத்திட்ட வரைவிலிருந்து சக்கொக்குவை எடுத்துவிடப் பார்த்தது. எதிர்ப்பு வந்ததும் திரும்பச் சேர்த்துக்கொண்டது.

தமிழுக்கு வருவோம். ‘தனிமைப்படுத்தல் கொள்கை’ என்று நானே முன்பு எழுதியிருக்கிறேன். கொரோனாவுக்குப் பிறகு அதைப் படிப்பவர்கள் 14 நாள் வீட்டுக்குள் கிடந்ததைத்தான் நினைக்கிறார்கள். ‘பூட்டிய நாடு’ எழுத்துக்கு எழுத்து சரி. ஷிசுக்கியின் தலைப்பை மொழிபெயர்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். ‘கதவடைப்பு’ தொழிற்சாலை முதலாளிகளிடம் போய்விட்டது.

என் ஓட்டு நாட்டடைப்பு. கடையடைப்பு என்ற சொல்லின் அச்சில் வார்த்தது. வீடு வீட்டு ஆவதுபோல நாடு நாட்டு ஆகும், புணர்ச்சியில் தகராறு இல்லை. கடையடைப்பு நாளில் தெருவில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: மருந்துக் கடை திறந்திருக்கும், பால் வந்துவிடும், மளிகைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தெரிந்த முகமாக இருந்தால் குனிந்து உள்ளே வரச் சொல்வார். யாரை விடுவது, என்ன விலை என்பதெல்லாம் அவர் கையில். டெஜிமாவில் நடந்தது ஏறக்குறைய அதுதான்.

கைக்கின் என்று வரும் இடத்தில் கடல்தடை போதும். கைக்கொக்குவுக்கு நாடு திறப்பு. சுயின்சென்னுக்குச் செம்முத்திரைக் கப்பல். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்: “1635-இன் கடல்தடையோடு செம்முத்திரைக் கப்பல்கள் நின்றன, நாட்டடைப்பு என்ற பெயர் அதற்கு 1801-இல்தான் வந்தது.”