சொட்டு மருந்துக் குப்பியில் ஒரு சின்னச் சதுரம்

அம்பாசமுத்திரத்துக்கு அருகே ஓர் அங்கன்வாடியில், தடுப்பூசி போடும் புதன்கிழமை. பனிக்கட்டிப் பைகள் அடுக்கிய பெட்டியிலிருந்து போலியோ சொட்டு மருந்துக் குப்பியை எடுத்த கிராம சுகாதாரச் செவிலியர், அதன்மேல் வேர்த்திருந்த நீரைத் துணியால் ஒற்றியெடுத்துவிட்டு, சன்னல் வெளிச்சத்தில் ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பேரனை இடுப்பில் வைத்திருந்த ஆச்சி ஒருவர், "நர்சம்மா, அதுல என்னத்தப் பாக்கீய?" என்று கேட்டார். வரிசை நீண்டிருந்ததால், "மருந்து நல்லா இருக்கான்னு பாக்கேன், ஆச்சி" என்பதோடு செவிலியர் நிறுத்திக்கொண்டார். ஆச்சியின் கேள்விக்கு இன்னும் விரிவான விடை உண்டு.

தடுப்பு மருந்துகள் வெப்பத்தில் வீரியம் இழப்பவை என்பதும், அவை ஆரம்ப சுகாதார நிலையத்தில் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் பாதுகாக்கப்படுகின்றன என்பதும் நாம் அறிந்ததே. வெயிலில் கெட்டுப்போன மருந்தும் பார்வைக்கு நல்ல மருந்தைப் போலவே இருக்கும் என்பதுதான் சிக்கல். அதனால்தான் 1996 முதல் போலியோ சொட்டு மருந்துக் குப்பிகளின்மேல் ஓர் அடையாளம் ஒட்டப்பட்டு வருகிறது. அது ஒரு வட்டமும் அதனுள் வெளிறிய ஒரு சதுரமும் ஆகும். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருக்கும்வரை மருந்தைப் பயன்படுத்தலாம். இரண்டும் ஒரே நிறமாகிவிட்டால் அந்தக் குப்பியை ஒதுக்கிவிட வேண்டும்.

அந்தச் சதுரத்தில் பூசப்பட்டிருப்பது டைஅசெட்டிலீன் வகையைச் சேர்ந்த வேதிப்பொருள். அதன் வேலையைப் புரிந்துகொள்ள பத்தமடைப் பாய் நெய்வதை நினைத்துக்கொள்ளலாம். தறியில் கோரைகள் ஒன்றையொன்று ஒட்டிப் படுத்திருக்க, அவற்றுக்குக் குறுக்கே பாவு நூல் ஓடி எல்லாவற்றையும் பிணைக்கிறது. டைஅசெட்டிலீன் படிகத்திலும் மெலிந்து நீண்ட மூலக்கூறுகள் அப்படித்தான் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. வெப்பம் பட்டதும், கிடந்த இடத்தைவிட்டு அதிகம் நகராமலேயே ஒவ்வொரு மூலக்கூறும் தன் நடுப்பகுதியில் பக்கத்து மூலக்கூறோடு பிணைந்துகொள்ள, அடுக்கின் குறுக்கே ஒரு நீண்ட சங்கிலி உருவாகிறது. தனி மூலக்கூறுக்கு நிறமில்லை. ஆனால் சங்கிலி நெடுகிலும் எலெக்ட்ரான்கள் பரவ முடிவதால், அது கண்ணுக்குப் புலப்படும் ஒளியை விழுங்கிக் கருநிறம் கொள்கிறது. நெய்த பாய் மீண்டும் தனித்தனிக் கோரையாவதில்லை என்பதுபோல, கறுத்த சதுரமும் குளிரில் வைத்தால் வெளுப்பதில்லை.

இது வெப்பமானியிலிருந்து வேறுபடுவது இங்கேதான். வெப்பமானி இந்த நேரத்துச் சூட்டை மட்டும் சொல்லும். சதுரமோ இதுவரை பட்ட சூட்டையெல்லாம் சேர்த்து வைத்திருக்கும். சித்திரை மாதத்தில் பாளையங்கோட்டையில் சில மணி நேரத்தில் புளித்துவிடும் தோசை மாவு, மார்கழியில் விடிய விடியக் காத்திருக்க வைக்கும். புளித்த மாவைக் குளிர்பெட்டிக்குள் தள்ளினால் புளிப்பு ஏறும் வேகம்தான் குறையும், ஏறிய புளிப்பு இறங்காது. சதுரத்தின் கணக்கும் அதுவே. போலியோ சொட்டு மருந்துக்கான அடையாளம் 37 டிகிரியில் 2 நாளில் கறுத்துவிடும். 5 டிகிரியில் 225 நாள் தாங்கும். சூட்டோடு மருந்து எந்த வேகத்தில் வீரியம் இழக்குமோ அதற்கு ஈடான வேகத்தில் சதுரமும் கறுக்கும்படி வேதிப்பொருளை இசைவித்ததே இந்தக் கண்டுபிடிப்பின் உயிர்நாடி என்று நான் கருதுகிறேன்.

இந்தப் படிக வினையைக் கெர்ஹார்ட் வெக்னர் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர் விளக்கியது 1969-இல். சொட்டு மருந்துக்காக நடந்த ஆய்வு அல்ல அது. உடனடிப் பயன் என்ன என்று கேட்டு அடிப்படை ஆய்வுக்கு நிதி மறுப்பவர்கள் இந்த 27 ஆண்டு இடைவெளியை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

காரையாறு அணைப் பகுதியில் உள்ள சின்ன மயிலாறு போன்ற காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகளுக்கு இதனால் கிடைக்கும் நன்மை பெரிது. ஒரு குப்பியில் 20 குழந்தைகளுக்கான சொட்டு இருக்கும். குடியிருப்பிலோ அன்றைக்கு இரண்டு குழந்தைகளே இருக்கலாம். மீதி வீணாகுமே என்ற தயக்கத்தில் குப்பியைத் திறக்காமல் திரும்பினால், இழப்பு அந்த இரண்டு குழந்தைகளுக்குத்தான். திறந்த குப்பியையும் முறையாகக் குளிரில் பாதுகாத்து, சதுரம் வெளிறியே இருந்தால், 4 வாரம் வரை பயன்படுத்தலாம் என்று இப்போது விதி இருப்பதால், ஒரே ஒரு குழந்தைக்காகவும் செவிலியர் துணிந்து குப்பியைத் திறக்க முடிகிறது. மின்சாரமோ கைப்பேசிச் சிக்னலோ அந்தச் சதுரத்துக்குத் தேவையில்லை.

ஒரு குறையும் உண்டு. மருந்து உறைந்துபோனதைச் சதுரம் காட்டாது. மஞ்சள் காமாலை பி தடுப்பூசியும் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியும் உறைந்தால் கெட்டுவிடும். பனிக்கட்டிப் பையை உறைபெட்டியிலிருந்து எடுத்தவுடன் அவற்றின் பக்கத்தில் வைத்தாலே அந்த ஆபத்து உண்டு. உறைந்ததோ என்ற ஐயம் எழும் குப்பியை, வேண்டுமென்றே உறையவைத்து உருக்கிய இன்னொரு குப்பியோடு சேர்த்துக் குலுக்கி, எதில் வண்டல் விரைவாக அடியில் படிகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். உறைந்த மருந்தின் துகள்கள் திரண்டு கனத்துவிடுவதால் சீக்கிரம் இறங்கிவிடும். ஐயத்துக்குரிய குப்பியிலும் அதே வேகத்தில் வண்டல் இறங்கினால் அதை யாருக்கும் போடக் கூடாது.