எறியியல் கெழு

நெடுந்தொலைவு இலக்குச் சுடுதலில் ஈடுபடுவோர் ‘பி.சி.’ என்று சுருக்கிச் சொல்வது பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட் என்னும் எண்ணைத்தான். குழலை விட்டு வெளியேறிய குண்டு காற்றின் தடையை மீறித் தன் வேகத்தை எவ்வளவு காத்துக்கொள்கிறது என்பதை அது காட்டும். எண் உயர உயர வேக இழப்பும், கீழிறக்கமும், பக்கக் காற்றால் நேரும் விலகலும் குறையும். தோட்டா என்பது பித்தளைக் கூடும் வெடிமருந்தும் சேர்ந்த முழுப்பொருளாகவும், குண்டு என்பது அதிலிருந்து பறந்து செல்லும் பகுதியாகவும் இருப்பதால், ‘தோட்டாவின் பி.சி.’ என்று எழுதுவது பிழை.

கிரேக்கத்தில் ‘பல்லெய்ன்’ என்றால் எறிதல். கல்லையும் பேரம்பையும் வீசிய முற்றுகைப் பொறிக்கு அவ்வேரிலிருந்தே லத்தீனில் ‘பலிஸ்தா’ என்ற பெயர் வந்தது. 1644-இல் பிரெஞ்சு அறிஞர் மெர்சென் எறிபொருள்களின் இயக்கத்தைப் பற்றி எழுதிய பகுதிக்கு ‘பலிஸ்டிக்கா’ என்று தலைப்பிட்டார்.

எறிபொருள்களின் இயக்கத்தை ஆராயும் இந்த ‘பாலிஸ்டிக்ஸ்’ துறைக்குத் தமிழில் ‘ஏவியல்’ என்று எழுதலாமே என்று தோன்றக்கூடும். ஆனால் ஏவுகணை தன் உந்துபொறியோடு செல்வது; குண்டுக்கோ குழல்வாயைத் தாண்டியபின் உந்துவார் எவருமில்லை, பெற்ற வேகத்தைச் செலவழித்துக்கொண்டே போக வேண்டியதுதான். அம்பை எய்தார்கள், வேலையும் கவண்கல்லையும் எறிந்தார்கள் என்று நுணுக்கமாகப் பிரித்துப் பேசிய மொழியில், கையை விட்டபின் தன்போக்கில் செல்வதைக் குறிக்க ‘எறி’ ஆயத்தமாகவே இருக்கிறது. கிரேக்க வேரின் பொருளும் அதுவே என்பதால் ‘எறியியல்’ என்பதே பொருத்தம். கோஎஃபிஷியன்டைத் தமிழ்நாட்டுப் பள்ளிக் கணக்கு ‘கெழு’ என்கிறது, இலங்கையில் ‘குணகம்’ என்பர். எதுவும் தவறில்லை, சுருக்கம் கருதி நான் கெழுவை எடுத்துக்கொள்கிறேன்.

எறியியல் கெழுவைக் கணக்கிடுவது கடினமன்று. குண்டின் எடையைப் பவுண்டில் எடுத்து, அங்குலத்தில் அளந்த விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது குறுக்குவெட்டுச் செறிவு. அதை வடிவக் காரணியால் வகுத்தால் கெழு. 1876-இல் நியூயார்க்கின் கிரீட்மூரில் தொடங்கி இன்று 800, 900, 1000 கெஜத் தொலைவுகளில் நடக்கும் பால்மா என்னும் துப்பாக்கிச் சுடுதல் போட்டியில் 155 கிரெய்ன் குண்டு வழக்கமானது. ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன், விட்டம் 0.308 அங்குலம். எனவே செறிவு 0.233.

வடிவக் காரணி என்பது ஒரு முன்மாதிரிக் குண்டோடு ஒப்பிட்டுச் சொல்வது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குட்டை மூக்கும் தட்டை அடியும் கொண்ட ‘ஜி1’ முன்மாதிரியோடு ஒப்பிட்டால் இவ்வகைக் குண்டின் கெழு சுமார் 0.45, நீண்ட மூக்கும் ஒடுங்கிய வாலும் கொண்ட ‘ஜி7’ முன்மாதிரியோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 0.23. குண்டு ஒன்றே, அளவுகோல் வேறு. பெட்டியின் மேல் பெரிய எண்ணைக் கண்டு மயங்குவோர் எந்த முன்மாதிரிப்படி என்று கேட்பதில்லை.

கெழு சொல்லாத செய்தியும் உண்டு. 300 மீட்டர் போட்டிக்கென உருவான 168 கிரெய்ன் குண்டு ஒன்றின் ஜி1 கெழு, மேற்சொன்ன 155 கிரெய்னுக்கு ஏறத்தாழ இணையானது. 600 கெஜம் வரை அது நேர்த்தியாகப் போகும். ஆயினும் அதன் வால் 13 பாகைச் சரிவில் ஒடுங்குவதால், 1000 கெஜத்தை நெருங்கி ஒலியின் வேகத்துக்கு இறங்கும்போது நிலைகுலைந்து தள்ளாடுகிறது. அப்போது இலக்குத் தாளில் வட்டத் துளைக்குப் பதிலாகக் குண்டு பக்கவாட்டில் பாய்ந்த நீள்வடிவக் கிழிசல் விழும்.