சுவிசேஷம்: சொல் வந்த வழியும் தமிழ் வடிவமும்

சென்னைச் சுவர்களில் ‘சுவிசேஷக் கூட்டம்’ என்றும் ‘நற்செய்திப் பெருவிழா’ என்றும் சுவரொட்டிகள் தென்படும். இரண்டும் தமிழில் தருவது ‘எவாங்கெலியோன்’ என்ற ஒரே கிரேக்கச் சொல்லைத்தான். முன்னொட்டு ‘நல்ல’ என்ற பொருளுடையது. மீதிப் பகுதி தூதர், தூது என்ற சொற்களோடு உறவுடையது. ஹோமரின் ஒடிசியில் இச்சொல், நல்ல சேதி கொண்டுவந்தவருக்குத் தரும் வெகுமதியைக் குறித்தது. பிறகுதான் சேதியையே குறிக்கத் தொடங்கியது. கி.மு. 9ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, பேரரசர் அகஸ்டஸின் பிறந்தநாளை ஒட்டி இதைப் பயன்படுத்துகிறது. ஆக, கிறிஸ்தவர்கள் எடுத்துக்கொண்டபோதே இது அரச அறிவிப்பின் வாசனையுள்ள சொல்.

‘சுவிசேஷம்’ என்பதை வடசொல் என்று ஒதுக்குவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. சு, விசேஷம் என்ற உறுப்புகள் வடமொழியுடையவைதாம். ஆனால் அங்கே விசேஷம் என்றால் தனிச்சிறப்பு, வேறுபாடு. அதற்குச் ‘சேதி’ என்ற பொருளைக் கொடுத்தவை தமிழ், மலையாளம் போன்ற தென்னக மொழிகள். “என்ன விசேஷம்?” என்று கேட்கிறோமே, அந்த விசேஷம்தான் இது. நல்ல சேதி என்ற பொருள் நம் பேச்சு வழக்கிலிருந்து வந்தது.

புராட்டஸ்டன்ட் வேதாகமத் தமிழுக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர் வேப்பேரியில் வாழ்ந்த ஃபாப்ரிசியஸ். அவரது புதிய ஏற்பாடு 1772இல் சென்னையில் அச்சானது. அந்த மரபில் இன்றும் ‘மத்தேயு எழுதின சுவிசேஷம்’ என்றே வழங்குகிறது. கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்டுகளுக்கும் பொதுவாக 1995இல் வெளிவந்த விவிலிய மொழிபெயர்ப்பு ‘நற்செய்தி’ என்கிறது. சாந்தோம் பேராலயத் திருப்பலியில் காதில் விழுவதும் அதுவே. வினையும் மாறுகிறது: முன்னதில் சுவிசேஷத்தைப் ‘பிரசங்கிப்பார்கள்’, பின்னதில் நற்செய்தியைப் ‘பறைசாற்றுவார்கள்’ அல்லது ‘அறிவிப்பார்கள்’. ஒரே வாக்கியத்தில் இரு மரபையும் கலந்தால் படிப்பவருக்கு இடறும்.

எழுதும்போது தவறுவது பெரும்பாலும் ச, ஷ வரிசையில். ‘சுவிஷேசம்’, ‘சுவிஷேஷம்’ இரண்டும் பிழை. முதலில் சே, பிறகு ஷ. கிரந்தம் வேண்டாதவர் விஷயத்தை விடயம் ஆக்குவதுபோல் ‘சுவிசேடம்’ என எழுதலாம், ஆனால் அது புழக்கத்தில் அரிது. நல் + செய்தி = நற்செய்தி; ற் வந்தபின் ச் மிகாது, ‘நற்ச்செய்தி’ தவறு.

இனி எவாஞ்சலிசம் என்ற ஆங்கிலச் சொல். இது நற்செய்தியைப் பிறருக்குச் சொல்லும் செயலின் பெயர். செய்தியின் பெயரை அப்படியே வைத்தால் பொருந்தாது. ‘நற்செய்தி அறிவிப்பு’ என்பதே சரியான தமிழ் என்பது எங்கள் முடிவு. அதைச் செய்பவர் சுவிசேஷகர் அல்லது நற்செய்தியாளர். சுவிசேஷ நூல்களை எழுதிய மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் நால்வருக்கும் இதே பெயர் உண்டு என்பதால் சூழலில் தெளிவு வேண்டும். கத்தோலிக்கர் வழங்கும் ‘மறைபரப்பு’ அழகான சொல், ஆனால் அது ‘மிஷன்’ என்பதற்கு ஈடானது. மிஷனின் லத்தீன் வேர் ‘அனுப்புதல்’.

‘தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை’ என்ற பெயரைக் கண்டு, அது தெருப் பிரசங்கத்துக்கான அமைப்பு என்று எண்ணக்கூடாது. லுத்தரன் வழக்கில் அந்த அடைமொழி ஜெர்மானிய மரபிலிருந்து வருகிறது. அங்கே அது புராட்டஸ்டன்ட் என்றே பொருள்படும்.

செய்தித்தாள்கள் பல நேரங்களில் எவாஞ்சலிசத்தை ‘மதமாற்றம்’ என மொழிபெயர்க்கின்றன. அது பெரும் பிழை. அறிவிப்பது ஒருவர் செயல், மாறுவது கேட்டவரின் முடிவு. சட்டமும் இரண்டையும் பிரித்தே பார்க்கிறது: அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது, அதில் பிறரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எந்த மதத்துக்கும் பொதுவாக எழுத வேண்டியிருந்தால் ‘மதப் பரப்புரை’ போதும். ‘பிரசாரம்’ என்றே எழுத விரும்பினால் நடுவில் ச் வராது.