மூழ்கிய கப்பலுக்கு முன்னால் நிற்கும் மீன்

1945 மார்ச் 21 அன்று, இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்தை நெருங்கிக்கொண்டிருந்த ஜேம்ஸ் ஈகன் லேன் என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்றின் டார்பிடோ தாக்கியது. எப்படியாவது கரை சேர்த்துவிடலாம் என்று இழுத்து வந்தார்கள். விட்சாண்ட் விரிகுடா வரைதான் முடிந்தது. இன்றைக்கும் சுமார் 22 மீட்டர் ஆழத்தில் அது அங்கேதான் கிடக்கிறது. இரண்டு உலகப் போர்களும் புயல்களும் சேர்ந்து ஆங்கிலக் கால்வாயின் தரையில் இப்படி ஆயிரக்கணக்கான கப்பல்களைப் போட்டு வைத்திருக்கின்றன. தூண்டில்காரர்கள் இவற்றைத் தேடிப் போவது ஐரோப்பிய சீ பாஸ் என்ற வெள்ளி நிற மீனுக்காக. நம்மூர் ஹோட்டல் பட்டியலில் சீ பாஸ் என்று வரும் கொடுவா வேறு, இது வேறு.

கப்பல் இருந்தால் மீன் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரும்பில் பாசியும் சிப்பியும் ஒட்டும், சின்ன மீன்கள் ஒளிந்துகொள்ளும், பெரிய மீன்கள் அவற்றைத் தின்ன வரும். ஆனால் சீ பாஸ் விஷயத்தில் இந்த விளக்கம் பாதிதான். அது பெரும்பாலும் கப்பலுக்குள் இருப்பதில்லை. கப்பலுக்கு முன்னால், அதாவது நீரோட்டம் வந்து மோதும் பக்கத்தில், அந்த ஓட்டம் வரும் திசையைப் பார்த்தபடி, தரையை விட்டுச் சற்று மேலே நிற்கிறது. அது ஏன் அங்கே நிற்கிறது என்று புரிந்துவிட்டால், இந்தத் தூண்டில் கலையின் மற்ற எல்லாமே அதிலிருந்து வந்துவிடும்.

வெள்ளம் ஓடும் ஆற்றில் பாலத்துத் தூணைக் கவனித்திருப்பீர்கள். தூணுக்குப் பின்னால் சுழல் இருப்பது எல்லோர் கண்ணிலும் படும். தூணுக்கு முன்னாலும் தண்ணீர் தயங்கி, வேகம் குறைந்து, மேலேயும் பக்கவாட்டிலும் பிரிந்து போகும். அதை அவ்வளவாக யாரும் பார்ப்பதில்லை. கடலடியில் கப்பலும் இதையேதான் செய்கிறது. ஓட்டம் இரும்புச் சுவரில் மோதி மேலே ஏறும்போது, அதோடு வரும் சிறு மீன்களும் மேலே தள்ளப்படுகின்றன. சுவருக்கு முன்னால் மெத்தை போல ஒரு மெதுவான நீர்ப்பகுதி உருவாகிறது.

அந்த மெதுவான பகுதியின் மதிப்பைக் கணக்கில் பார்த்தால்தான் தெரியும். நீந்தும் மீனைத் தண்ணீர் எதிர்க்கும் விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது; அதைச் சமாளிக்கத் தேவையான திறன் ஏறக்குறைய மும்மடியைப் பொறுத்தது. வெளியே இரண்டு நாட் வேகம், அதாவது நொடிக்கு ஒரு மீட்டர் ஓட்டம். கப்பலுக்கு முன்னால் அதில் பாதி என்று வைத்துக்கொள்வோம். மீன் செலவழிக்க வேண்டிய திறன் எட்டில் ஒரு பங்காகிவிடும். பின்பக்கமும் ஓட்டம் குறைவுதான். ஆனால் அங்கே தண்ணீர் சுழன்று அலைக்கழிக்கும். முன்பக்கம்தான் இரை முதலில் வந்து சேரும் இடம். செலவு குறைவு, வரவு முதலில். சீ பாஸ் கணக்குத் தெரிந்த மீன்.

ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான இடைவெளியில் ஓதம், அதாவது கடல் ஏறி இறங்கும் ஓட்டம், திசை மாறும். அப்போது கப்பலின் முன்பக்கம் பின்பக்கமாகிவிடும், மீனும் இடம் மாறிக்கொள்ளும். ஓட்டமே நின்றுபோகும் அந்த இடைவேளையில் மீனுக்கு ஓரிடத்தில் நிற்க வேண்டிய காரணம் இல்லை. கூட்டம் கலைந்துவிடும், படகில் இருப்பவர்கள் தேநீர் குடிப்பார்கள்.

சரி, அந்த இடத்தில் இரையை எப்படிக் கொண்டுபோய் வைப்பது? நங்கூரம் போட்டு நின்றால் தூண்டில் நரம்பு முழுவதும் ஓட்டத்தை எதிர்த்து நிற்க வேண்டும். 40 மீட்டர் ஆழம், நொடிக்கு ஒரு மீட்டர் ஓட்டம், அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள நைலான் என்று கணக்குப் போட்டால், நரம்பின் மீது மட்டும் பக்கவாட்டு இழுப்பு ஒரு கிலோ எடையைத் தாண்டும். இரையைக் கீழே இறக்கக் கட்டிய ஈயக்குண்டு எங்கோ தூரத்துக்கு அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் பெரும்பாலும் நங்கூரத்தை மறந்துவிட்டு, ஓட்டத்துக்கு மேல்பக்கம் போய் இன்ஜினை அணைத்துப் படகை மிதக்க விடுகிறார்கள். படகும் தண்ணீரும் ஒன்றாக நகரும்போது, நரம்புக்கும் தண்ணீருக்கும் இடையில் மிஞ்சும் வேக வித்தியாசம் சொற்பம். அடியில் ஓட்டம் மேல்பரப்பைவிட மெதுவாக இருப்பதாலும், காற்று படகைத் தள்ளுவதாலும் கொஞ்சம் சாய்வு வரும். அந்த வித்தியாசம் நொடிக்கு 30 சென்டிமீட்டர் என்றால், அதே நரம்பின் மீது இழுப்பு நூறு கிராம் அளவுக்கு இறங்கிவிடும். நரம்பைப் பாதித் தடிமனாக்கினால் அதுவும் பாதியாகும். சம வலுவுள்ள நைலானைவிடப் பின்னல் நரம்பு ஏறக்குறைய பாதித் தடிமன்தான் என்பதால் அதையே பயன்படுத்துகிறார்கள். அது அவ்வளவாக நீளாது என்பது இன்னொரு லாபம். நைலான் ரப்பர் போல இழுபடும். கீழே நடப்பது மேலே வந்து சேரும்போது மழுங்கிவிடும்.

பின்னல் நரம்பின் நுனியில் ஒரு சிறு பிளாஸ்டிக் குழாய். அதிலிருந்து ஈயம் தொங்கும். அதற்கப்பால் இரண்டு மூன்று மீட்டருக்கு ஃப்ளூரோகார்பன் என்ற வகைப் பிளாஸ்டிக் நரம்பு, அதன் முனையில் தூண்டில் முள். ஃப்ளூரோகார்பனின் ஒளிவிலகல் எண் சுமார் 1.42, தண்ணீருக்கு 1.33, நைலானுக்கு 1.53. தண்ணீரோடு நெருங்கியிருப்பதால் மீன் கண்ணுக்குக் குறைவாகத் தெரியும் என்பது வாதம். 40 மீட்டர் கீழே மங்கலான பச்சை வெளிச்சத்தில் இந்த வித்தியாசம் எவ்வளவு உதவும் என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான். ஆனால் அது விறைப்பானது, உரசலைத் தாங்கும், தண்ணீரில் அமிழும்; அந்தக் குணங்களுக்காகவே வாங்கலாம். ஈயத்தை மட்டும் வேண்டுமென்றே பலவீனமான துண்டு நரம்பில் கட்டுவார்கள். கப்பலில் சிக்கினால் அது அறுந்து ஈயம் மட்டும் போகும், மற்றது தப்பும்.

இரைக்கு உயிருள்ள சாண்டீல் என்ற ஒல்லி மீன், அல்லது மேக்கரல். சாண்டீலின் வாய்க்குள் முள்ளை நுழைத்து, செவுள் வழியே வெளியே எடுத்து, வயிற்றுத் தோலில் மெல்லியதாகக் குத்தி விடுவார்கள். இறுக்கிக் குத்தினால் நீந்தாது. மேக்கரலைப் படகில் உயிரோடு வைத்திருப்பதே தனி வேலை. ஓயாமல் நீந்தினால்தான் அதன் செவுளில் போதிய தண்ணீர் ஓடும். மூலைகளில் முட்டி அடிபடாமலிருக்க வட்டத்தொட்டி வேண்டும். பல மீன்களுக்கு உடம்புக்குள் மிதக்க உதவும் காற்றுப்பை உண்டு; இந்த இரண்டு மீன்களுக்கும் அது கிடையாது. ஆகவே மேல்பரப்பிலிருந்து 40 மீட்டருக்கு இறக்கினாலும் அழுத்தத்தால் நசுங்கும் காற்று எதுவும் உடம்பில் இல்லை. கீழே போய் இயல்பாக நீந்துகின்றன.

படகோட்டியின் திரையில் இதே விஷயம் தலைகீழாக வேலை செய்கிறது. எதிரொலிக் கருவி அனுப்பும் ஒலி கடல்நீரில் நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். 40 மீட்டர் கீழே போய்த் திரும்ப இருபதில் ஒரு நொடிதான் ஆகும். மீனிலிருந்து திரும்பும் ஒலியில் பெரும்பகுதி காற்றுப்பையில் பட்டு வருவது. சீ பாஸுக்கு அது உண்டு என்பதால் கப்பல் மேட்டுக்கு முன்னால் தெளிவான புள்ளிகளாகத் தெரியும். காற்றுப்பை இல்லாத சாண்டீல் கூட்டம் மங்கலான புகையாகத்தான் வரும்.

கப்பல் நெருங்கும் அந்த ஒரு நிமிடம்தான் முழு ஆட்டமும். ஈயம் சரளைத் தரையில் டக், டக் என்று தட்டிக்கொண்டே வருவது விரல் நுனியில் தெரியும். படகோட்டி குரல் கொடுத்ததும் ரீலை ஐந்தாறு சுற்று சுற்றி இரையைத் தூக்க வேண்டும். முன்னாடியே தூக்கினால் மீனின் தலைக்கு மேலே போய்விடும். தாமதித்தால் இரும்பில் மாட்டும். திடீரென்று தட்டல் நின்று, கோலின் நுனி மெதுவாக வளைய ஆரம்பிக்கும். அப்போது வெடுக்கென்று இழுப்பதுதான் எல்லோருக்கும் வரும் ஆசை. கூடாது. முனை உள்பக்கம் திரும்பிய வட்ட முள் போட்டிருந்தால் வெடுக்கென்ற இழுப்பில் வாயிலிருந்து வழுக்கி வந்துவிடும்; மீன் தானாகத் திரும்பி ஓடும்போது தாடையின் ஓரத்துக்கு நகர்ந்து மாட்டும். பெரும்பாலும் குடலுக்குள் போகாது, அதனால் மீனைத் திரும்ப விடுவதும் சுலபம்.

திரும்ப விட வேண்டிய தேவை அடிக்கடி வரும். சீ பாஸ் மெதுவாக வளரும் மீன். 42 சென்டிமீட்டர் எட்டவே ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகலாம். பெண் மீன்கள் ஏறத்தாழ அந்த அளவில்தான் முட்டையிடத் தொடங்கும். குளிர்காலத்தில் முட்டையிட ஒன்றுசேரும் கூட்டங்களை இழுவலைகள் அள்ளியதும் இருப்பு சரிந்ததற்கு ஒரு காரணம். 2015இல், பிடித்து வைத்துக்கொள்ளக்கூடிய மீனின் குறைந்தபட்ச அளவை 36இலிருந்து 42 சென்டிமீட்டராக உயர்த்தினார்கள். பொழுதுபோக்குக்காகப் பிடிப்பவருக்கு நாளைக்கு இத்தனை என்ற வரம்பு ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2024இல் அது இரண்டு மீன்.

ஆழமான கப்பல்களில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. சீ பாஸின் காற்றுப்பை மூடியது. அதிலிருந்து காற்றை ஏப்பமாக விட முடியாது, ரத்தத்தின் வழியாகத்தான் குறைக்க முடியும், அதற்கு மணிக்கணக்கில் ஆகும். 30 மீட்டரில் அழுத்தம் மேல்பரப்பைப் போல நான்கு மடங்கு. அங்கிருந்து வேகமாக மேலே வரும் மீனின் காற்றுப்பை நான்கு மடங்கு விரியப் பார்க்கும். வயிறு உப்பி மிதக்கும் மீனை அப்படியே தண்ணீரில் போட்டால் கீழே இறங்க முடியாமல் கடற்பறவைக்குத்தான் இரையாகும். தாடையைக் கவ்வும் கிளிப் ஒன்றில் கனமான ஈயத்தைக் கட்டி, மீனைப் பழைய ஆழத்துக்கு இறக்கிவிட்டு அங்கே கழற்றிவிடும் கருவி இருக்கிறது. கீழே போகப் போக அதே அழுத்தம் காற்றுப்பையைச் சுருக்கிவிடும்.