மீன்கடை முன்னால் மூன்று நிமிடம்

போன சனிக்கிழமை திருகோணமலைச் சந்தைக்குப் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மகளுக்கு 6 வயது, மகனுக்கு இரண்டரை. பாரை மீனை வெட்டி வாங்க நான் கடைப் பக்கம் திரும்பி நின்ற மூன்று நிமிடத்தில் சின்னவனுக்கு என் முகம் தெரியாமல் போய்விட்டது. சனம் வேறு. அவன் உதடு பிதுங்கியது.

அக்கா குனிந்து அவன் முகத்துக்கு நேரே வந்தாள். "அம்மா இங்கதான். மீன் வாங்குறா. இப்ப வருவா." பிறகு, "அங்க பார், மான்!"

வீதியோரம் கோவா இலை தின்றுகொண்டு ஒரு புள்ளிமான் நின்றது. நம் ஊரில் மான் சந்தைக்கு வருவது புதினமில்லை. ஆனாலும் அவனுக்கு அழுகை மறந்துபோனது.

அந்த நாலு வசனங்களைத்தான் நான் வீட்டுக்கு வந்தும் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னோடு பேசும்போது இவள் மூச்சுவிடாமல் நீட்டி முழக்குகிற பிள்ளை. தம்பியிடம் மட்டும் எல்லாம் இரண்டு மூன்று சொல்லில் முடிகிறது. இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மரிலின் ஷாட்ஸ், ரோசெல் கெல்மன் என்ற இரு உளவியலாளர்கள் 1973இல் வெளியிட்ட ஆய்வில், 4 வயதுப் பிள்ளைகளிடம் ஒரு விளையாட்டுப் பொருளைக் கொடுத்து, அது எப்படி வேலை செய்கிறது என்று மற்றவர்களுக்கு விளக்கச் சொன்னார்கள். பெரியவர்களிடம் நீளமாகப் பேசிய அதே பிள்ளைகள், 2 வயதுக் குழந்தையிடம் வசனத்தைக் குறுக்கி எளிமையாக்கினார்கள். வீட்டில் தம்பி தங்கை இல்லாத பிள்ளைகளும் அப்படியே செய்தார்கள். எதிரில் நிற்பவருக்கு எவ்வளவு விளங்கும் என்ற கணக்கு அந்த வயதிலேயே ஓடுகிறது.

ஆனால் தேற்றுவதற்கு இன்னொரு கணக்கும் வேண்டும். அம்மா எங்கே நிற்கிறாள் என்பது அக்காவுக்குத் தெரியும். தம்பிக்கு அது தெரியாது என்பதும் அவளுக்குத் தெரிய வேண்டும். இந்த இரண்டாவதுதான் கடினம். 1983இல் ஹைன்ஸ் விம்மரும் ஜோசப் பெர்னரும் இதைச் சோதிக்க ஒரு கதை சொன்னார்கள். மாக்சி என்ற பையன் சொக்லேட்டை ஓர் அலுமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாத நேரம் அம்மா அதை வேறு அலுமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வரும் மாக்சி எங்கே தேடுவான்? 3 வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் சொக்லேட் இப்போது இருக்கும் இடத்தையே காட்டுவார்கள். தனக்குத் தெரிந்தது மாக்சிக்கும் தெரியும் என்பது அவர்கள் நினைப்பு. 4 வயதைத் தாண்டும்போதுதான் இது மெல்ல மாறுகிறது.

இங்கேதான் கூடப் பிறந்தவர்கள் வருகிறார்கள். பெர்னரும் இன்னும் இருவரும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், சகோதரங்கள் உள்ள 3, 4 வயதுப் பிள்ளைகள் இப்படியான கேள்விகளுக்குக் கூடுதலாகச் சரியான பதில் சொன்னார்கள். காரணத்தை ஊகிப்பது கஷ்டமில்லை. பெரியவர்கள் பிள்ளை கேட்குமுன்னே விளங்கிக்கொண்டு விட்டுக்கொடுத்துவிடுவோம். தம்பி விட்டுக்கொடுக்க மாட்டான். அவன் ஏன் பறிக்கிறான், எதைக் கொடுத்தால் அடங்குவான் என்று ஒரு நாளைக்கு இருபது தடவை யோசிக்க வேண்டியிருக்கிறது. அதனால் இவர்கள் சண்டை பிடிக்கும்போது எனக்கு முன்னளவு கவலை இல்லை.

இந்தத் திறமைக்கும் தேற்றுவதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. ராபர்ட் ஸ்டுவர்ட் என்ற உளவியலாளர், தாய் அறையைவிட்டுப் போனதும் மூத்த பிள்ளை கைக்குழந்தையை என்ன செய்கிறது என்று கவனித்தார். ஏறக்குறைய பாதிப் பேர் தேற்றினார்கள், மற்றவர்கள் பேசாமல் இருந்தார்கள். 1984இல் இன்னொருவரோடு சேர்ந்து செய்த ஆய்வில், அடுத்தவரின் இடத்திலிருந்து யோசிக்கத் தெரிந்த பிள்ளைகளே கூடுதலாகத் தேற்றுவதைக் கண்டார். ஆகவே சும்மா நிற்கிற பிள்ளையைப் பார்த்து "தம்பிமேல பாசமே இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள். பாசம் இருக்கும். அந்தக் கணக்கு இன்னும் பிடிபட்டிருக்காது.

சரி, சின்னவனுக்கு ஒன்றுமே தெரியாதா? சந்தை வாசலில் ஒரு சரை கச்சானும் இரண்டு எள்ளுருண்டையும் வாங்கிக் கொடுத்தேன். அவனுக்கு உயிர் எள்ளுருண்டைதான். அக்காவுக்கு எள் பிடிக்காது. அவன் கச்சானில் ஒன்றை எடுத்து அவள் வாயில் வைத்தான். அலிசன் கோப்னிக்கும் பெட்டி ரெப்பகோலியும் 1997இல் காட்டியது இதைத்தான். பெரியவர் ஒருவர் பிஸ்கட்டைத் தின்று முகம் சுளித்துவிட்டு புரொக்கோலியை ரசித்துச் சாப்பிட்டால், 18 மாதக் குழந்தை அவருக்கு புரொக்கோலியை நீட்டும். 14 மாதக் குழந்தையோ தனக்குப் பிடித்த பிஸ்கட்டையே நீட்டும். அடுத்தவரின் ஆசை முதலில் விளங்குகிறது, அடுத்தவரின் அறியாமை பிறகுதான்.

திரும்பும்போது ஓட்டோவில் மகள் தூங்கிவிட்டாள். அவள் பையில் இருந்த கச்சான் கொட்டப் பார்த்தது, எடுத்து என் கூடைக்குள் வைத்தேன். மகன் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு ஆசையில் கேட்டேன்: "அக்கா எழும்பினா கச்சானை எங்க தேடுவா?"

யோசிக்காமல் கூடையைக் காட்டினான்.

உப்புவெளி தாண்டியதும் அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும்பினாள். நேரே தன் பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். அவன் ஒரு கணம் அவளையே பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் கூடையை அவள் பக்கம் தள்ளினான்.