பிளான் 9-க்குக் குடிபோன துபாஷி

அம்மா பெங்களூர் அல்சூரில் ஏலச்சீட்டு நடத்துகிறார். பன்னிரண்டு பேர், மாதம் ஆளுக்கு 5,000 ரூபாய். ஏலத்தில் ஒருவர் 6,000 தள்ளி எடுத்தால் ஆளுக்கு எவ்வளவு குறையும், யார் பாக்கி என்று கணக்குப் போட லுவா மொழியில் நாற்பது வரி நிரல் ஒன்று எழுதிக் கொடுத்திருந்தேன். லினக்ஸ் கணினியில் அது இரண்டு வருடமாகச் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

போன மாதம் எஸ்.பி. ரோட்டில் ஒரு பழைய திங்க்பேட் மடிக்கணினி கிடைத்தது. கடைக்காரர் வேலூர்ப் பக்கம். "விண்டோஸ் போட்டுத் தரட்டுமா சார்?" என்றார். "வேண்டாம்ண்ணா, பிளான் 9 போடப்போறேன்" என்றேன். இன்னும் இருநூறு ரூபாய் சேர்த்துச் சொல்லியிருக்கலாமோ என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

பிளான் 9 ஒரு இயங்குதளம். லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸ் பிறந்த அதே பெல் ஆய்வகத்தில், அதே குழு 1980-களின் பிற்பகுதியில் தொடங்கியது. 1992-இல் பல்கலைக்கழகங்களுக்குப் போனது. இன்று 9ஃப்ரன்ட் என்ற கிளையாக ஒரு சிறு கூட்டம் அதை வளர்க்கிறது. குரோம் கிடையாது, ஃபயர்ஃபாக்ஸ் கிடையாது. அம்மாவின் சீட்டுக் கணக்காவது அதில் ஓடுமா என்று பார்க்க ஆசை.

முதலில், ஒரு ஸ்கிரிப்ட் மொழி எப்படி ஓடுகிறது? கணினியின் செயலிக்கு லுவா தெரியாது. நடுவில் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், மாதிரி ஒரு நிரல் உட்கார்ந்திருக்கிறது. இன்டர்பிரட்டர் என்பது அதுதான். நாம் எழுதிய வரிகளை அது பைட்கோடு என்ற சின்னச் சின்னக் கட்டளைகளாக மாற்றிக்கொள்கிறது. பிறகு சி மொழியில் எழுதிய ஒரு சுழல் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் செய்கிறது. 6,000-ஐ 12-ஆல் வகுப்பதற்கு இந்தச் சுழல் யாரையும் கேட்க வேண்டாம். எந்த ஊரில் இருக்கிறோம் என்றே அதற்குத் தெரியாது. நினைவகம் வேண்டும், கோப்பைத் திற, மணி என்ன, இன்னொரு நிரலை ஓட்டு என்று வரும்போதுதான் துபாஷி எழுந்து போய் இயங்குதளத்தின் கதவைத் தட்டுகிறார். புது இயங்குதளத்தில் சிக்கல் வருவதெல்லாம் அந்தக் கதவடியில்தான்.

தருமபுரியிலிருந்து பெங்களூர் வந்த புதிதில் அம்மாவுக்கு நாலே நாலு கன்னடச் சொல் தெரியும்: எஷ்டு (எவ்வளவு), கொடி (கொடுங்கள்), பேடா (வேண்டாம்), சாக்கு (போதும்). மல்லேஸ்வரம் மார்க்கெட்டில் அதை வைத்தே பேரம் பேசிக் காய்கறி வாங்கி வந்துவிடுவார். அதே ஊரில் என் மாமாவுக்கு வாடகை ஒப்பந்தம், பள்ளிக்கூட விண்ணப்பம், மின்வாரியம் என்று எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டியிருந்தது. ஸ்கிரிப்ட் மொழிகளில் லுவா அம்மா, பைத்தான் மாமா.

லுவா இப்படி ஆனதற்கு ஒரு வரலாறு உண்டு. 1993-இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்று பேர் அதை எழுதினார்கள். வெளிநாட்டுக் கணினிப் பொருள்களுக்கு அந்த நாட்டில் கடும் கட்டுப்பாடு இருந்த காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. வேண்டிய கருவியை நாமே செய்துகொள்வோம் என்ற பழக்கம் அங்கே வேரூன்றியிருந்தது. அவர்களுடைய பெரிய வாடிக்கையாளரான பெட்ரோபிராஸ் எண்ணெய் நிறுவனத்திடம் பல ரகக் கணினிகள் இருந்தன. எதில் போட்டாலும் ஓட வேண்டும். அதனால் தரப்படுத்தப்பட்ட சி மொழியைத் தாண்டி எதையும் கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் மொத்த லுவாவும் சுமார் 30,000 வரிதான்.

யூனிக்ஸ் நிரல்களை ஒட்டவைக்க பிளான் 9-இல் ஏப் என்ற ஒரு அடுக்கு இருக்கிறது. அதன் சி கம்பைலரிடம் (சி நிரலைச் செயலிக்குப் புரியும்படி மாற்றித் தரும் நிரல்) லுவாவைக் கொடுத்தேன். இரண்டு மூன்று இடத்தில் கையை வைத்ததும், டீ ஆறுவதற்குள் எழுந்து நின்றது. எனக்கு இதில் பிடித்தது லுவாவின் பணிவு. வெளியிலிருந்து சி நூலகங்களை ஏற்றும் பகுதியை அதன் மூலநிரலில் மூன்று விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள்: யூனிக்ஸ் வழி ஒன்று, விண்டோஸ் வழி ஒன்று, இரண்டும் இல்லாத ஊருக்கு ஒன்று. மூன்றாவது வேறொன்றும் செய்யாது. "இங்கே அந்த வசதி இல்லை" என்று பிழைச்செய்தி தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பிளான் 9-இல் நிரல்கள் எல்லாம் தனக்கு வேண்டியதைத் தனக்குள்ளேயே கட்டிக்கொண்டு வருபவை, பகிர்ந்துகொள்ளும் நூலகம் என்ற பேச்சே இல்லை. பைத்தானுக்கு இது பெரிய அடி. அதன் துணை நூலகங்களில் பல சி-யில் எழுதியவை; ஓடும்போது ஏற்றப் பழகியவை. இங்கே எல்லாவற்றையும் முன்கூட்டியே உள்ளே வைத்துக் கட்ட வேண்டும். பைத்தான் 2.5 ஒரு காலத்தில் இங்கே வந்து சேர்ந்தது. ஆனால் அதற்குப் பிறகு பைத்தான் எங்கோ போய்விட்டது.

சரி, சீட்டு நிரலை ஓட்டினேன். முதல் வரியிலேயே விழுந்தது. இல்லாத ஒன்றோடு ஒட்டப் பார்க்கிறாய் என்றது லுவா. கணக்குக் கோப்பு இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க நான் ஹோம் என்ற சூழல் மாறியை (இயங்குதளம் நிரல்களுக்காகப் பெயரிட்டு வைத்திருக்கும் தகவல்) கேட்டிருந்தேன், யூனிக்ஸ் வழக்கப்படி பெரிய எழுத்தில். பிளான் 9-இன் ஷெல்லில், அதாவது நாம் தட்டும் கட்டளைகளை வாங்கிச் செய்யும் நிரலில், அது சின்ன எழுத்து. அதைவிட வேடிக்கை, சூழல் மாறி ஒவ்வொன்றும் இங்கே ஒரு கோப்பு. என்வ் என்ற அடைவை (ஃபோல்டரை) திறந்தால் ஹோம், யூசர் என்று வரிசையாகப் படுத்திருக்கும். லுவாவின் மேல் தப்பில்லை. 'எல்லா ஊரிலும் இப்படித்தான்' என்று எனக்கே தெரியாமல் நான் வைத்திருந்த நம்பிக்கை அந்த ஒரு வரியில் இருந்தது.

பிழைகளும் அப்படித்தான். யூனிக்ஸில் ஒரு காரியம் தோற்றால் எண் வரும். பிளான் 9 வாக்கியமாகவே காரணம் சொல்லும். நிரல் முடியும்போதும் எண் கிடையாது, ஒரு சொற்றொடர். வெறுமையாக இருந்தால் நல்லபடி முடிந்தது என்று பொருள். ஏப் அடுக்கு அந்த வாக்கியங்களை ஒரு பட்டியலில் தேடிப் பழைய எண்களாக மாற்றித் தருகிறது. துபாஷிக்கே ஒரு துபாஷி!

இழப்பு மட்டும்தானா என்றால் இல்லை. லுவாவோடு வரும் நூலகங்களில் வலைத்தொடர்பு கிடையாது. லினக்ஸில் அதற்குத் தனி நூலகம் போட வேண்டும். இங்கே வலையும் கோப்புதான். நெட் அடைவில் டிசிபி (வலைத்தொடர்பு முறைகளில் ஒன்று) என்ற அடைவு, அதற்குள் குளோன் என்ற கோப்பு. அதைத் திறந்து படித்தால் ஓர் இணைப்பு எண் வரும். அதிலேயே "இந்த முகவரிக்கு இணை" என்று எழுதினால் இணைந்துவிடும். பிறகு அந்த எண்ணுள்ள அடைவில் டேட்டா கோப்பைத் திறந்து படிக்க வேண்டியதுதான். வெறும் கோப்புக் கட்டளைகளால், ஒரு நூலகமும் இல்லாமல், லினக்ஸ் கணினியிலிருந்து சீட்டுக் கணக்கை இழுத்துவிட்டேன். முதல் தடவை ஒன்றும் நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நான் எழுதிய கட்டளை வெளியே போகாமல் சி நூலகம் எழுதியதைச் சேர்த்து வைக்கும் இடைத்தேக்கத்திலேயே (பஃபர்) உட்கார்ந்திருந்தது. தள்ளிவிட்ட பிறகுதான் போனது. ஒரு மாலைப்பொழுது அதிலேயே கழிந்தது.

அப்புறம் தமிழ். இன்று நாம் வாட்ஸ்அப்பில் தமிழ் அனுப்பும் யூடிஎஃப்-8 முறை 1992 செப்டம்பரில் பெல் ஆய்வகத்தின் கென் தாம்சனும் ராப் பைக்கும் நியூஜெர்சி உணவகம் ஒன்றில் காகித விரிப்பின் மேல் வகுத்தது. முதலில் முழுதாக ஏற்றுக்கொண்டது பிளான் 9. அதனால் பெயர்கள் ஒரு பைட் கூடச் சிதையாமல் வந்தன. "தமிழ்" என்ற சொல்லை லுவாவிடம் நீளம் கேட்டால் 15 என்கும், பைட் கணக்கு. யூடிஎஃப்-8 நூலகத்தைக் கேட்டால் 5. ழ-வும் புள்ளியும் தனித்தனி. நமக்கு மூன்றெழுத்து. மூன்றும் சரிதான். ஆனால் இந்தத் துண்டுகளை மறுபடி கூட்டி எழுத்தாக வரையும் வேலையைப் பிளான் 9-இன் திரை செய்வதில்லை. தமிழ் எழுத்துருவைக் கொண்டுவந்து வைத்த பிறகும், ச-வுக்கு இடப்பக்கம் நிற்க வேண்டிய கொம்பு வலப்பக்கம் போய் ல-வோடு ஒட்டி நின்றது. செல்வம் "சலெவம்" ஆகிவிட்டார்.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பத்தி வரை விரலால் தடவிப் பார்த்தார்.

"பேர் எப்படியோ போகட்டும்டா. சலெவம் இன்னும் போன மாசத்துப் பணமே தரலையே!"