போர்வைக்கு வெளியே தெரிந்த கால்கள்

2018-இன் பிற்பகுதியில் பிரிட்டன் சாலைகளில் ஒரு கார் ஓட ஆரம்பித்தது. வெளியீட்டுக்கு முன் உருவம் தெரியாமல் மறைக்க, உடம்பு முழுக்கக் கறுப்பு வெள்ளைச் சுழிகள் அச்சிட்ட ஸ்டிக்கர். எங்கே கதவு முடிகிறது, எங்கே ஜன்னல் தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. ஆனாலும் அது என்ன கார் என்று எல்லோருக்கும் தெரியும். காட்டுப்பாதைக்குப் பேர் போன லேண்ட் ரோவர் டிஃபெண்டரின் அடுத்த பிறவி.

இந்தக் காருக்காகக் காத்திருந்தவர்களின் பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. 1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதல் லேண்ட் ரோவர் வந்தது. அந்த வம்சத்தில் 20 லட்சத்துக்கு மேல் செய்து முடித்து, 2016 ஜனவரி 29 அன்று சோலிஹல் ஆலையில் கடைசி டிஃபெண்டரை இறக்கினார்கள். நடுவில் 2011-இல் ஃபிராங்ஃபர்ட்டில் டிசி100 என்று ஒரு மாதிரிக் காரைக் காட்ட, பழைய ரசிகர்களில் பலர் முகம் சுளித்தார்கள். அதனால் ஸ்டிக்கர் ஒட்டிய கார் யார் கேமராவில் சிக்கினாலும், அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். விளக்கு வட்டமா சதுரமா, கூரையோரத்தில் சின்ன ஜன்னல் இருக்கிறதா, பின்கதவில் ஸ்டெப்னி தொங்குகிறதா. என்னைக் கேட்டால் இதெல்லாம் முகத்தைப் பார்த்து ஜோசியம் சொல்கிற வேலை. ஸ்டிக்கர் வேலை செய்வதும் அங்கேதான். கால்களை அதனால் மூட முடியாது.

ஒரு தகட்டில் வளைவு இருக்கிறது என்று நம் கண் எப்படிக் கண்டுபிடிக்கிறது? வெளிச்சம் மெல்ல மங்கி நிழலாகும் விதத்தை வைத்து. அந்த மென்மையான மாற்றத்தின் மேல் அழுத்தமான கறுப்பு வெள்ளைக் கோடுகளைப் போட்டுவிட்டால் நிழல் அதில் மூழ்கிவிடும். கோடுகளே பொய் விளிம்புகளாகத் தெரியும். முதல் உலகப் போரில், 1917-இல், பிரிட்டிஷ் கடற்படை ஓவியர் நார்மன் வில்கின்சனின் யோசனைப்படி கப்பல்களுக்குப் பூசிய பட்டைகளும் இந்த ரகம்தான். கப்பலை மறைப்பதற்காக அவற்றைப் பூசவில்லை. கப்பல் எந்தப் பக்கம், என்ன வேகத்தில் போகிறது என்று நீர்மூழ்கிக்காரன் தப்புக் கணக்குப் போட வேண்டும், அவ்வளவுதான். கார்க்காரர்கள் ஒரு படி மேலே போய், ஸ்டிக்கருக்கு அடியில் நுரைப் பலகையும் பொய்ப் பேனலும் வைப்பார்கள்.

டயரை மட்டும் மாற்ற முடியாது. அது காரோடு சேர்ந்து சோதிக்கப்பட வேண்டிய பொருள். அதன் அளவு அதன் பக்கச் சுவரிலேயே எழுதியிருக்கும். உதாரணத்துக்கு 255/70 ஆர்18 என்று இருக்கிறது என்று வையுங்கள். அகலம் 255 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், அதாவது 178.5 மி.மீ. மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் 18 அங்குல ரிம், அதாவது 457.2 மி.மீ. கூட்டினால் டயரின் விட்டம் 814 மி.மீ. இனி அந்தப் படத்திலேயே ஓர் அளவுகோல் கிடைத்துவிட்டது. படத்தில் டயர் 220 பிக்ஸல் அகலம், முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை 816 பிக்ஸல் என்றால், 816-ஐ 220-ஆல் வகுத்து 814-ஆல் பெருக்குங்கள். இரண்டு சக்கர மையங்களுக்கு இடையிலான அந்தத் தூரம், அதாவது வீல்பேஸ், சுமார் 3,020 மி.மீ.

கார் கொஞ்சம் திரும்பி நின்றால்? இங்கேதான் ஒரு அழகான விஷயம். தொலைவிலிருந்து ஸூம் லென்ஸில் எடுத்த படமாக இருந்தால், கார் திரும்பும்போது வீல்பேஸ் எந்த விகிதத்தில் குறுகுகிறதோ அதே விகிதத்தில் டயரின் கிடைமட்ட விட்டமும் குறுகும். இரண்டும் காரின் நீளவாக்கில் இருக்கும் அளவுகள்தானே. அதனால் விகிதம் மாறாது. முன்சக்கரம் ஸ்டியரிங்கோடு திரும்பியிருக்கலாம், அதை விட்டுவிட்டுப் பின்சக்கரத்தை அளக்க வேண்டும். டயரின் கீழ்ப்பாகம் எடையில் நசுங்கியிருக்கும் என்பதால் உயரத்தை அளக்கக் கூடாது. டயரை அளப்பதில் ஒரு பிக்ஸல் பிசகினால் வீல்பேஸில் 14 மி.மீ. போச்சு, அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் நின்று செல்போனில் எடுத்த படம் இந்தக் கணக்குக்கு உதவாது.

கார் வெளிவந்தபோது 110 மாடலின் வீல்பேஸ் 3,022 மி.மீ. பழைய 110-க்கு அந்தப் பெயர் வந்ததே வீல்பேஸ் 110 அங்குலம் என்பதால். புதியதை அளந்தால் 119 அங்குலம் வருகிறது. பெயர் இப்போது வெறும் பாசத்துக்காக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, காரின் அடிப்பக்கத்துக்கு வருவோம். பெரிய சண்டை நடந்தது அங்கேதான். புதிய டிஃபெண்டரில் சாலிட் ஆக்ஸில் இருக்குமா, இருக்காதா?

1948 முதல் 2016 வரை அந்தக் காரில் முன்னாலும் பின்னாலும் சாலிட் ஆக்ஸில்தான். பட்டை ஸ்பிரிங் போய் 1983 முதல் சுருள் ஸ்பிரிங் வந்தது, ஆக்ஸில் மாறவில்லை. இடச் சக்கரத்தையும் வலச் சக்கரத்தையும் ஒரே இரும்புக் குழாய் இணைக்கும். எஞ்சினின் விசையை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டியான டிஃபரென்ஷியல் நடுவில் பூசணிக்காய் மாதிரி புடைத்துக்கொண்டிருக்கும். இந்த அமைப்பைச் சீசா பலகையாக நினைத்துக்கொள்ளுங்கள். இடச் சக்கரம் பாறையில் ஏறினால் ஆக்ஸில் சாய்கிறது. அந்தச் சாய்வே வலச் சக்கரத்தைக் கீழே பள்ளத்துக்குள் அழுத்துகிறது. கம்ப்யூட்டர் இல்லை, வால்வு இல்லை. ஏறின சக்கரமே இறங்க வேண்டிய சக்கரத்தை இறக்கிவிடுகிறது. காட்டுப்பாதைக்காரர்களுக்கு இதன் மேல் இருக்கும் காதல் சும்மா வந்ததில்லை.

சக்கரத்துக்குச் சக்கரம் தனி சஸ்பென்ஷன் வைத்தால் இந்த உதவி போய்விடும். இடச் சக்கரம் ஏறும்போது அதன் ஸ்பிரிங் மட்டும் அமுங்குகிறது. அமுங்கிய ஸ்பிரிங் அதிக எடையைத் தாங்கும், பள்ளத்தில் தொங்கும் வலச் சக்கரத்தின் மேல் எடை குறையும். வளைவில் கார் சாயாமல் இருக்கப் போடும் ஆன்டி ரோல் பார் வேறு, இறங்கப் பார்க்கும் சக்கரத்தையும் சேர்த்து மேலே இழுக்கும். இன்னும் கொஞ்சம் ஆழமான பள்ளம் என்றால் சக்கரம் அந்தரத்தில்தான்.

அந்தரத்தில் நின்றால் என்ன ஆகும் என்பதுதான் விஷயமே. சாதாரண டிஃபரென்ஷியல் இரண்டு பக்கமும் ஒரே அளவு முறுக்கு விசையைத்தான் தரும். காற்றில் சுழலும் சக்கரத்தைச் சுற்ற விசையே தேவையில்லை. அதனால் அங்கே போவது சொற்பம், தரையில் நிற்கும் சக்கரத்துக்குக் கிடைப்பதும் அதே சொற்பம். எஞ்சின் கத்தும், கார் நகராது. தீர்வு இரண்டு. ஒன்று, டிஃபரென்ஷியலைப் பூட்டி இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுழலும்படி செய்வது. இன்னொன்று கொஞ்சம் குறும்பானது: காற்றில் சுழலும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடுவது. பிரேக் 500 நியூட்டன் மீட்டர் அளவுக்கு எதிர்த்துப் பிடித்தால், டிஃபரென்ஷியல் அந்தப் பக்கம் 500 தர வேண்டியிருக்கிறது. பாகுபாடு தெரியாத அது தரைச் சக்கரத்துக்கும் 500 கொடுத்துவிடும். கார் நகரும். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸின் சென்சார்கள் ஏற்கெனவே ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் பார்த்துக்கொண்டிருப்பதால், இதற்குப் புதிதாகப் பெரிய இரும்பு எதுவும் தேவையில்லை.

சீசா பலகையின் வேலையைக் காற்றாலும் செய்ய முடியும். 2002 மாடல் ரேஞ்ச் ரோவரில் நான்கு சக்கரங்களுக்கும் தனி சஸ்பென்ஷன். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள். மேடு பள்ளத்தில் இடப்பையையும் வலப்பையையும் ஒரு வால்வு திறந்து இணைத்துவிடும். அமுங்கும் பையின் காற்று எதிர்ப்பக்கப் பைக்குப் பாயும், அந்தப் பக்கச் சக்கரம் கீழே தள்ளப்படும். அதாவது இரும்பு ஆக்ஸில் செய்ததையே காற்றால் செய்தார்கள். சாலைக்கு வந்ததும் வால்வு மூடிக்கொள்ளும், காரும் பழைய ஜீப் மாதிரி ஆடாது. 2018-இல் ஆக்ஸிலுக்காகச் சண்டை போட்டவர்களுக்கான பதில் அதற்கு 16 வருடம் முன்பே அதே நிறுவனத்தின் ஷோரூமில் நின்றுகொண்டிருந்தது!

அப்புறம் அந்தப் பூசணிக்காய். சாலிட் ஆக்ஸிலில் அது எப்போதும் சக்கர மையத்தின் உயரத்திலேயே இருக்கும். ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அது மட்டும் உயராது, பெரிய டயர் போட்டால்தான் உண்டு. தனி சஸ்பென்ஷனில் டிஃபரென்ஷியல் காரின் உடம்போடு சேர்ந்து மேலே போய்விடும். ஏர் சஸ்பென்ஷன் உள்ள புதிய 110 முழுசாக எழுந்து நின்றால் தரைக்கும் அடிப்பாகத்துக்கும் இடையில் 291 மி.மீ. சாலிட் ஆக்ஸிலின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது: சுமையேற்றினாலும், குதித்து இறங்கினாலும் பூசணிக்காய்க்கு அடியிலிருக்கும் இடைவெளி குறையாது. தனி சஸ்பென்ஷன் கார் அமுங்கினால் வயிறும் கூடவே இறங்கிவிடும்.

ஸ்டிக்கர் ஒட்டிய காரில் இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு நல்ல படம் போதும். ஒரு சக்கரம் மேட்டில் ஏறும் நேரத்தில் பின்னாலிருந்து எடுத்த படம். இரண்டு பின்சக்கரங்களும் ஒன்றுபோலச் சாய்ந்திருந்தால் சாலிட் ஆக்ஸில். அததன் போக்கில் நின்று, நடு டிஃபரென்ஷியலிலிருந்து இரண்டு தண்டுகள் வெவ்வேறு கோணத்தில் இறங்கினால் தனி சஸ்பென்ஷன். இதற்கு மேல் விவாதம் எதற்கு?

அடுத்த சண்டை, ஏணி சேஸிஸ். இரண்டு நீள இரும்புச் சட்டம், குறுக்கே படிகள், மேலே தனியாக உட்கார வைத்த உடம்பு. அது போய், தனிச் சட்டம் இல்லாமல் உடம்பே சுமையைத் தாங்கும் மோனோகாக் வந்தால் கார் வலுவிழந்துவிடும் என்று பயந்தார்கள். உண்மை நேர் எதிர். ஒரு தாளை உருட்டி ஒட்டிக் குழாயாக்கி முறுக்கிப் பாருங்கள், மசியாது. அதையே நீளவாக்கில் ஒரு கோடு வெட்டிவிட்டு முறுக்குங்கள், துணி மாதிரி வளையும். கணக்கு என்ன சொல்கிறது என்றால், மெல்லிய சுவருள்ள வட்டக் குழாயில் மூடியதற்கும் வெட்டியதற்கும் உள்ள விறைப்பு விகிதம், ஆரத்தைச் சுவரின் தடிமனால் வகுத்து, வர்க்கப்படுத்தி, மூன்றால் பெருக்கினால் வருவது. ஆரம் தடிமனைப் போல் 20 மடங்கு என்றால் 1,200 மடங்கு வித்தியாசம். முறுக்கைத் தாங்குவது இரும்பின் கனத்தைவிட மூடிய வடிவம்தான். ஏணியைத் தரையில் கிடத்தி ஒரு மூலையைத் தூக்கினால் எப்படி முறுகுகிறது என்று பார்த்தவர்களுக்கு மிச்சம் புரிந்துவிடும். மோனோகாக் காரில் தரை, கூரை, தூண்கள் எல்லாம் சேர்ந்து ஒரே மூடிய பெட்டி.

புதிய டிஃபெண்டரின் அலுமினியப் பெட்டியை ஒரு டிகிரி முறுக்க 29,000 நியூட்டன் மீட்டர் வேண்டும் என்று லேண்ட் ரோவர் சொன்னது. ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் ஏறக்குறைய 3 டன் தொங்கவிட வேண்டும், அந்தக் காரின் எடையைவிட அதிகம். வழக்கமான ஏணி சேஸிஸைப் போல் மூன்று மடங்கு விறைப்பு என்பது அவர்கள் கணக்கு. சேஸிஸ் முறுகினால் சக்கரம் தரையில் ஒட்டும் என்று ஒரு பழைய வாதம் உண்டு. ஓரளவு உண்மைதான், ஆனால் அது ஷாக் அப்சார்பர் இல்லாத ஸ்பிரிங். வளைய வேண்டியதைச் சஸ்பென்ஷனிடம் விட்டுவிட்டு உடம்பு விறைப்பாக இருப்பதே மேல். ஏணிக்கு இருக்கும் பெரிய வசதி வேறு: மேலே எந்த உடம்பை வேண்டுமானாலும் மாட்டலாம், நசுங்கினால் கழற்றி வேறு போடலாம். அந்த இழப்பு நிஜம்.

ரசிகர்கள் வரைந்த கற்பனைப் படங்களில் மூக்கு எப்போதும் கத்தி மாதிரி இருக்கும். நிஜக் காரில் அது நடக்காது. பாதசாரி மேல் மோதினால் தலை பானட்டில் விழும். பானட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் நசுங்க இடம் வேண்டும். அந்த இடத்தை விட்டால் மூக்கு தானாகவே உயர்ந்து உருண்டுவிடும்.

2019 செப்டம்பர் 10, ஃபிராங்ஃபர்ட்டில் ஸ்டிக்கரைக் கழற்றினார்கள். மோனோகாக், நான்கு பக்கமும் தனி சஸ்பென்ஷன். பழைய காரில் 500 மி.மீ. என்றிருந்த, தண்ணீரில் இறங்கிக் கடக்கக்கூடிய ஆழ வரம்பு 900 ஆகியிருந்தது. அதே காலத்தில் திரும்பி வந்த மற்ற பழைய முகங்கள் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தன. ஜீப் ராங்லரும் சுஸுகி ஜிம்னியும் முன்னாலும் பின்னாலும் சாலிட் ஆக்ஸிலை விடவில்லை. மெர்சிடிஸ் ஜி-கிளாஸ் முன்னால் மட்டும் விட்டது, பிறகு வந்த ஃபோர்டு பிராங்கோவும் அப்படியே.

பழைய டிஃபெண்டர் நின்றுபோனதில் மனம் ஆறாதவர் பிரிட்டிஷ் தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃப். ஏணி சேஸிஸ், இரண்டு சாலிட் ஆக்ஸில் என்று இனியோஸ் கிரெனேடியரைத் தானே செய்ய ஆரம்பித்தார். 2020 ஜூலையில், உற்பத்தி தொடங்க இரண்டு வருடம் இருக்கும்போதே, அதன் உருவத்தை முழுசாகக் காட்டிவிட்டார்கள். ஸ்டிக்கரும் நுரைப் பலகையும் பொய்ப் பேனலும் இல்லாமல் சோதனை ஓட்டம் நடத்த வசதியாக இருக்குமாம்.